தண்ணிச் சண்டைக்கு எதை வாங்குவது? பலூனா, துப்பாக்கியா, வாளியும் மக்குமே போதுமா?

கோடை விடுமுறையில் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வீட்டில் சேர்வார்கள். நாலு வயதிலிருந்து பதினாலு வயது வரை பத்துப் பன்னிரண்டு பேர். இரண்டு நாள் கேரம், கிரிக்கெட், செல்போன் என்று ஓடும். அதற்குள் யாராவது ஒருத்தர் "தண்ணிச் சண்டை போடலாமா?" என்று வாயைத் திறந்துவிடுவார். அப்புறம் பெரியவர்களில் ஒருவர் கடைக்குப் போயே ஆக வேண்டும். அங்கே போய் நின்றால் நூறு பலூன் பாக்கெட், ஒரே கொத்தாக நிரம்பும் பலூன், திரும்பத் திரும்ப நிரப்பும் சிலிக்கான் பந்து, கைத்துப்பாக்கி, முதுகில் தொட்டி மாட்டும் துப்பாக்கி, பேட்டரி துப்பாக்கி என்று வரிசையாகத் தொங்கும். எல்லாமே நனைக்கும்தான். எதை எடுப்பது?

பெட்டியின் மேல் எத்தனை மீட்டர் தூரம் பாயும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். அதை விட்டுவிட்டு வேறு இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு தடவை அடித்துவிட்டு அடுத்த தடவை அடிக்க எத்தனை நொடி ஆகும்? அந்த நேரத்தில் குழாயடியில் நிற்கப் போவது பிள்ளையா, நீங்களா? தண்ணிச் சண்டை குஷியாகப் போகுமா, பத்து நிமிடத்தில் சப்பென்று முடியுமா என்பதெல்லாம் குழாயடியில்தான் முடிவாகிறது.

இதற்கு நல்ல சாட்சி தாய்லாந்து. நமக்குச் சித்திரைப் பிறப்பு வரும் அதே சமயத்தில், ஏப்ரல் 13 முதல் 15 வரை அங்கே சொங்கிரான். ஊரே தெருவில் இறங்கி ஒருத்தரை ஒருத்தர் நனைக்கும். சியாங் மாய் நகரத்தில் கூட்டம் எங்கே சேர்கிறது தெரியுமா? பழைய நகரைச் சுற்றி ஓடும் அகழியின் கரையில். வாளியைக் கயிறு கட்டி அகழியில் போட்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மற்ற இடங்களில் வீட்டு வாசலில் ஒரு டிரம், இல்லாவிட்டால் வண்டியின் பின்னால் ஒரு டிரம். தண்ணீர் இருக்கும் இடத்தைச் சுற்றித்தான் சண்டை. கையில் துப்பாக்கி இருக்கிறதா, சட்டி இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

சாதா பலூன்: ஐந்து நிமிடச் சண்டைக்கு ஒரு மணி நேர வேலை

எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது பலூன்தான். விலை மலிவு. நூறு பலூன் பாக்கெட்டை எந்த ஃபேன்சி ஸ்டோரிலும் வாங்கலாம். 'தொப்' என்று விழுந்து உடைகிற அந்தச் சத்தத்தை வேறு எந்தச் சாமானும் தராது. அதில் வாதமே இல்லை.

கணக்கு போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். குழாய் வாயில் மாட்டி, நிரப்பி, வழுக்கும் கழுத்தை விரலில் சுற்றி முடிச்சு போட, ஒரு பலூனுக்கு அரை நிமிடம் என்று வையுங்கள். நூறு பலூனுக்கு ஐம்பது நிமிடம். பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு எட்டு. எட்டையும் எறிய ஐந்து நிமிடம் பிடித்தால் அதிகம். எட்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு முடிச்சு போட வராது. "சித்தப்பா, இத மட்டும் கட்டிக் குடுங்க" என்று ஒருத்தன் வருவான், அவன் பின்னாலேயே நாலு பேர் வருவார்கள். நீங்கள் குழாயடியிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள்.

பலூன்தான் வேண்டும் என்றால் சில விஷயங்களைக் கவனியுங்கள். நிரப்பும் முன் ரப்பரை இரண்டு மூன்று தடவை இழுத்து விடுங்கள், சீராகப் புடைக்கும். முழுக்க நிரப்பாமல் லேசாகத் தொளதொளவென்று கட்டிய பலூன் ஆள்மேல் பட்டு உடையாமல் துள்ளிக் கீழே விழும். அடி வலிக்கும், நனையாது. ரப்பர் நன்றாக இழுபட்டு இருந்தால்தான் பட்டதும் கிழியும். எலுமிச்சையை விடப் பெரிசு, ஆரஞ்சை விடச் சிறிசு என்பது சரியான அளவு. ஆறரை சென்டிமீட்டர் விட்டம் வந்தால் உள்ளே சுமார் 145 மில்லி தண்ணீர் இருக்கும். கட்டியதைத் தரையில் வைக்காதீர்கள், சிமெண்டில் உரசினாலே உடையும். பாதி வாளித் தண்ணீரில் மிதக்க விடுங்கள்.

எறிந்து முடித்த பிறகு மிச்சம் இருக்கும் வேலைதான் ரொம்ப எரிச்சல். நூறு பலூன் என்றால் நூறு கிழிசல் கிடையாது. ஒவ்வொன்றும் நாலைந்து துண்டாகப் போகும். சிவப்பும் பச்சையுமாகப் புல்லுக்குள்ளும் சாக்கடை மூடி இடுக்கிலும் செருகிக்கொள்ளும். பாக்கெட்டில் 'மக்கும்' என்று போட்டிருந்தாலும் அதை நம்பிக் கிடக்கட்டும் என்று விடாதீர்கள். இயற்கை ரப்பர் பலூன்கூட மாதக் கணக்கில் அப்படியே கிடக்கும். அதற்குள் தெரு நாயோ மாடோ தின்றுவிடலாம். தவழும் குழந்தை வாயில் போட்டால் அதைவிட ஆபத்து. ஈர ரப்பர் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கஷ்டம். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் பெரியவர் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் பலூன் பாக்கெட்டின் மேலேயே எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும் என்பது சட்டம்.

கொத்துப் பலூன்: குழாயில் அழுத்தம் இருந்தால் மட்டும்

முடிச்சு போடும் தொல்லையைத் தீர்க்க வந்தது கொத்துப் பலூன். அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த ஜோஷ் மலோன், எட்டுப் பிள்ளைகளின் அப்பா, 2014ல் 'பன்ச் ஓ பலூன்ஸ்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தார். எட்டுப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து முடிச்சு போட்ட மனுஷனுக்குத்தான் இந்த யோசனை வரும். ஒரு பிடியிலிருந்து முப்பது நாற்பது மெல்லிய குழல்கள் விரியும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பலூன். பலூன் கழுத்தில் குட்டி ரப்பர் வளையம். தண்ணீர் ஏறி எடை கூடியதும் லேசாக ஒரு குலுக்கு குலுக்கினால் பலூன்கள் உதிரும், வளையம் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். மூன்று கொத்து, நூறு பலூன், சில நிமிடத்தில் வேலை முடிந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் வீட்டுக் குழாயில் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, அந்தப் பிடி தோட்டக் குழாயின் மரையில் திருகுகிற மாதிரி செய்தது. நம்முடைய பாதிக் குழாய்களில் மரையே இருக்காது. அடாப்டர் இல்லையென்றால் ஹோஸைச் செருகி, கையால் இறுக்கிப் பிடித்து, நிரப்புகிறவர் முதலில் தலைமுதல் கால்வரை நனைய வேண்டும். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

இரண்டாவது அழுத்தம். பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கிட்டத்தட்ட ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மூன்று மாடி வீட்டின் தரைத்தளக் குழாயில் அது இருக்கும். மொட்டை மாடிக் குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு ஆள் உயரம்தான் இடைவெளி. அங்கே தண்ணீர் சிறுநீர் மாதிரி வரும். கொத்தில் ஒருசில பலூன் முதலில் புடைக்க ஆரம்பிக்கும், ரப்பர் ஒருமுறை இளகிவிட்டால் மேலும் விரிவது சுலபம் என்பதால் வருகிற தண்ணீரை அவையே இழுத்துக்கொள்ளும். மற்றவை வதங்கிய வெண்டைக்காயாகத் தொங்கும். ஆகவே மொட்டை மாடிச் சண்டைக்குக் கொத்துப் பலூன் வேண்டாம். கார் நிறுத்தும் இடத்திலோ முன்வாசலிலோ நடத்துகிறீர்கள், குழாயில் நல்ல வேகம் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். விலை சாதா பலூனைப் போலப் பல மடங்கு. குப்பையும் கூடத்தான், ரப்பர் துண்டோடு அந்தப் பிளாஸ்டிக் குழல்களும் வளையங்களும் சேரும்.

சிலிக்கான் பந்தும் ஸ்பாஞ்சும்

திரும்பத் திரும்ப நிரப்பும் சிலிக்கான் பந்து இப்போது ஆன்லைனில் நிறைய வருகிறது. இரண்டு அரைக்கோளம், விளிம்பில் காந்தம். வாளிக்குள் விரித்து முக்கினால் தானே மூடிக்கொள்ளும். ஆள்மேல் பட்டதும் திறந்து தண்ணீரைக் கொட்டும். நிரப்ப இரண்டு மூன்று நொடி. குப்பை கிடையாது. குழாயடி சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கும்.

மிச்சப் பத்தை ஏன் கழிக்கிறேன் என்றால், காந்தம். மலிவான செட்டில் காந்தம் பிய்ந்து வரலாம். இரண்டு காந்தத்தைக் குழந்தை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் குடலையே ஓட்டை போட்டுவிடும், அறுவைச் சிகிச்சை வரை போகும். வாங்கியதும் விளிம்பை நகத்தால் நெருடிப் பாருங்கள், காந்தம் வெளியே தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். வீட்டில் வாயில் எதையும் போடுகிற வயதில் பிள்ளை இருந்தால் இந்தப் பக்கமே போக வேண்டாம். ஆடி முடித்த பின் திறந்து காயவைக்காவிட்டால் உள்ளே கறுப்புப் பூஞ்சை பிடிக்கும்.

எனக்குப் பிடித்தது ஸ்பாஞ்ச் உருண்டை. அரை மணி நேரத்தில் வீட்டிலேயே ஒரு கூடை செய்துவிடலாம். பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் ஒட்டாத வெறும் ஸ்பாஞ்ச் வேண்டும். கார் துடைக்கிற பெரிய ஸ்பாஞ்ச் கிடைத்தால் இன்னும் நல்லது. மூன்று நிறத்தில் மூன்று ஸ்பாஞ்ச் எடுத்து ஒவ்வொன்றையும் நீளவாக்கில் மூன்று பட்டையாக வெட்டுங்கள். ஒன்பது பட்டைகளையும் மும்மூன்றாக அடுக்கி, நட்ட நடுவில் நைலான் கயிற்றால் மூச்சு முட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டுங்கள். கட்டிய பிறகு பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் திருப்பிவிட்டால் நாலாபக்கமும் விரிந்து பூப்பந்து மாதிரி நிற்கும். கட்டு தளர்ந்தால் முதல் வீச்சிலேயே பட்டைகள் பறக்கும், அதனால் முடிச்சை ஒரு தடவை தண்ணீரில் நனைத்து மறுபடி இறுக்குங்கள்.

வாளியில் ஒரு முக்கு, எறி. கீழே விழுந்ததை எதிராளி எடுத்து முக்கித் திருப்பி எறிவான். அதாவது குண்டு தீரவே தீராது. பலூனில் இல்லாத வசதி இது: எதிரி அடித்ததே உங்களுக்குக் குண்டு. முகத்தில் பட்டாலும் 'சொத்' என்று ஈரம் அப்புமே தவிர வலிக்காது. நாலு வயசுக் குட்டியும் எறியலாம், எழுபது வயசுத் தாத்தாவும் எறியலாம்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. ஸ்பாஞ்ச் தரையில் இருக்கிற எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். மண் தரையிலோ மணல் பரப்பிய இடத்திலோ இரண்டு தடவை விழுந்தால் அது ஸ்பாஞ்ச் இல்லை, மணல் மூட்டை. அதோடு கண்ணில் பட்டால் உறுத்தலோடு நிற்காது, கருவிழியில் கீறல் விழும். ஆகவே டைல்ஸ், சிமெண்ட், புல்தரை என்றால் ஸ்பாஞ்ச். கிராமத்து மண்வாசல் என்றால் வேண்டாம். சிமெண்ட் தரையாக இருந்தாலும் முதலில் பெருக்கிக் கழுவிவிடுங்கள். அப்புறம் இரண்டு வாளி வையுங்கள், ஒன்று அலச, ஒன்று முக்க.

துப்பாக்கிகள்

தண்ணீர்த் துப்பாக்கி என்று ஒரே பெயரில் நாலு சாமான் விற்கிறது.

விசையைத் தட்டினால் 'சிர்ர்' என்று ஒரு கோடு போகுமே, அந்தச் சின்னக் கைத்துப்பாக்கியைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. திருவிழாக் கடையில் வாங்கினால் வீடு வருவதற்குள் ஒழுகும். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சரி.

காற்றடித்து அழுத்தம் ஏற்றும் வகைதான் பெரிய பிள்ளைகளின் கனவு. இதைக் கண்டுபிடித்த லோனி ஜான்சன் விண்வெளி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பொறியாளர். 1982ல் தண்ணீரை வைத்து இயங்கும் ஒரு வெப்பப் பம்பைச் சோதிக்கும்போது, குளியலறைக் கைகழுவும் தொட்டியில் பொருத்திய குழல் வாயிலிருந்து நீர் பீறிட்டுப் பாய்ந்ததைப் பார்த்து இந்த யோசனை வந்திருக்கிறது. 1990ல் வேறொரு பெயரில் கடைக்கு வந்து, அடுத்த ஆண்டு 'சூப்பர் சோக்கர்' ஆனது. தண்ணீரைப் பிஸ்டனால் தள்ளாமல், தொட்டிக்குள் காற்றை அமுக்கி வைத்து அந்தக் காற்றே தண்ணீரைத் தள்ளும்படி செய்ததுதான் அதன் சூட்சுமம். தூரம், கனமான வீச்சு இரண்டும் கிடைக்கும்.

ஆனால் நம் குழாயடிக் கேள்வியைக் கேளுங்கள். மூடியைத் திருகித் திறந்து, தொட்டியை நிரப்பி, மூடியை ஒழுகாமல் திருகி, பத்துப் பதினைந்து தடவை பம்ப் அடித்து, அப்புறம்தான் சுடலாம். அரை நிமிடச் சுகத்துக்கு ஒரு நிமிட உழைப்பு. எட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பம்ப் அடிக்கக் கை வலு போதாது. இருப்பதிலேயே பெரிய பையனிடம் ஒன்று, மற்றவர்களிடம் ஒன்றும் இல்லை என்றால் சண்டை ஒருதலையாகிவிடும். வாங்கினால் அணிக்கு ஒன்றாக, ஒரே மாதிரி வாங்குங்கள். பக்கத்தில் நின்று முகத்துக்கு நேராக அடிக்கக் கூடாது என்பதைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். அழுத்தமான நீர் என்பது விளையாட்டு இல்லை. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மேல் ஆட்டுத் தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுவது காலங்காலமான நேர்த்திக்கடன். அதிலே சிலர் பிரஷர் பம்பைக் கொண்டுவந்ததால், பழைய முறையில் தோல் பையிலிருந்துதான் பீய்ச்ச வேண்டும் என்று நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது.

பேட்டரி துப்பாக்கி பார்க்கப் பிரமாதம். நுனியைத் தண்ணீரில் வைத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும், விசையைப் பிடித்தால் விடாமல் சுடும். சார்ஜ் போட மறந்தால் அன்றைக்குச் சண்டை இல்லை. ஒரு மணல் துகள் உள்ளே போனால் அடைப்பு. விலையும் கூட. பிறந்த நாள் பரிசாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இதே அலமாரியில் ஜெல் குண்டு சுடும் துப்பாக்கியும் தொங்கும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் அந்தக் குட்டி மணிகளைச் சின்னக் குழந்தை விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் பெருக்கும். அது வேறு சாமான், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பழசு, எனக்கு எல்லாவற்றிலும் ஒசத்தி: பீச்சாங்குழல். நுனியை வாளியில் வைத்து இழு, நீட்டித் தள்ளு. மூன்று நொடியில் மறுபடி தயார். திறக்க மூடி இல்லை, அடிக்கப் பம்ப் இல்லை, உடைய விசை இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையால் யார் உதவியும் இல்லாமல் நிரப்ப முடியும். பரிபாடலில் வையையில் புதுவெள்ளம் வந்ததும் ஆற்றில் இறங்கி நீர் பீய்ச்சி விளையாடுகிறார்களே, கிட்டத்தட்ட இந்த ஆட்டம்தான். வடக்கே ஹோலிக்கு இதைத்தான் பிச்காரி என்று விற்கிறார்கள். மூங்கில் கிடைக்கிற ஊரில் செய்துகொள்ளவும் செய்யலாம். ஒரு முனையில் கணு இருக்கிற மாதிரி ஒரு முழ மூங்கில் குழாயை அறுத்து, கணுவின் நடுவில் ஆணியால் சிறு துளை போட வேண்டும். குழாய்க்குள் போகிற குச்சியின் நுனியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டினால் அதுவே பிஸ்டன். காய்ந்த துணியாக இருக்கும்போது காற்று கசியும். நனைந்து ஊறிய பிறகுதான் பிடிப்பு வந்து இழுக்கும். துணி கம்மியானால் ஒழுகும், கூடினால் குச்சி நகராது. ஒன்றிரண்டு தடவை சுற்றிப் பிரித்தால் கை பழகிவிடும். பொறுமை இல்லாதவர்கள் கடையில் ஸ்பாஞ்ச் உறை போட்ட பிளாஸ்டிக் குழல் வாங்கிக்கொள்ளலாம், அதுவும் நல்ல சாமான்தான்.

காசே செலவழிக்காமல்

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், மூடியில் சூடாக்கிய ஊசியால் நாலு ஓட்டை. துளை போடுவது பெரியவர் வேலை. அமுக்கினால் மூன்று நான்கு மீட்டர் போகும். மூடியைக் கழற்றி வாளியில் அமிழ்த்தினால் பத்துப் பதினைந்து நொடியில் நிரம்பும். பிள்ளைக்கு ஒன்று என்று பெயர் எழுதிக் கொடுத்துவிட்டால் 'அவன் என்னோடத எடுத்துட்டான்' பஞ்சாயத்தும் இருக்காது. ஒரு காலத்தில் கல்யாண வீட்டுத் தண்ணீர் பாக்கெட்டின் மூலையைக் கடித்துப் பீய்ச்சுவதே இந்த வேலையைச் செய்தது. 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் அந்தப் பாக்கெட்டுக்குத் தடை. நல்லதுதான், மண்டபத்து வாசல் கிடந்த கோலம் ஞாபகம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஆப்பிரிக்கத் துலிப் மரம் இருக்கிற தெருவாக இருந்தால் பாட்டில்கூட வேண்டாம். அதன் மொட்டுக்குள் தண்ணீர் இருக்கும், நுனியைக் கிள்ளி அமுக்கினால் 'சீச்'சென்று பாயும். கறை படியும், நல்ல சட்டைக்கு ஆகாது.

வாளியும் மக்கும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தூரம் இரண்டு மீட்டர்தான். ஆனால் மக் ஒன்றில் முக்கால் லிட்டர் வரை பிடிக்கும். ஐந்து பலூன் தண்ணீர் ஒரே வீச்சில். எதிராளிக்குப் பக்கத்தில் போக வேண்டியிருப்பதால் ஓட்டமும் துரத்தலும் ஒளிந்து பாய்வதும் தானாக வந்துவிடும். கொங்குப் பக்கம் மாரியம்மன் நோன்பு முடிந்து மஞ்சள் நீராட்டு நடக்கும்போது பாருங்கள். மாமன் மச்சான், கொழுந்தனார் என்று முறை இருக்கிறவர்கள்மேல் சொம்பு சொம்பாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற மச்சானை இழுத்து வந்து ஊற்றுவதில் இருக்கிற குதூகலத்துக்கு எந்தத் துப்பாக்கியும் ஈடாகாது. அதில் ஒரு நல்ல ஒழுங்கும் உண்டு, முறையில்லாதவர் மேல் ஊற்றுவதில்லை. பிள்ளைகளின் சண்டைக்கும் அதே ஒழுங்கு பொருந்தும். ஆட்டத்துக்கு வந்தவர்கள்மேல் மட்டும்தான். வேலைக்குக் கிளம்பி வாசலில் நிற்கிற பக்கத்து வீட்டு அக்கா மேல் கிடையாது. நீங்களும் மஞ்சள் கலக்கப் போகிறீர்கள் என்றால், அந்தக் கறையில் சோப்பு பட்டால் சிவக்கும், பதறாமல் அலசி வெயிலில் போடுங்கள், மங்கிவிடும்.

ஹோஸ் பைப்பைக் கையில் பிடித்தவர் ராஜா. அதனாலேயே அது ஆட்டத்தைக் கெடுக்கும். ஒருத்தர் அடிக்க, பத்துப் பேர் ஓட வேண்டும். வாளி நிரப்ப மட்டும் ஹோஸ்.

மூன்று பேர் சேர்ந்து ரப்பர் பட்டையை இழுத்துப் பலூனை ஏவும் பெரிய கவண் ஒன்றும் விற்கிறார்கள். அதை வாங்கவே வேண்டாம். அந்த வேகத்தில் வரும் பலூன் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மொட்டை மாடியிலிருந்து கீழே போடுவதும் அதே ரகம். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் பலூன் கீழே வரும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். உறைய வைத்த பலூன் என்று எவனாவது ஃபிரிஜ்ஜைத் திறந்தால், அது கல். பிடுங்கிவிடுங்கள்.

அப்போ எதைத்தான் வாங்குவது?

கலந்த வயதுப் பிள்ளைகள், சிமெண்ட் தரை என்றால் ஸ்பாஞ்ச் உருண்டை இருபது, பீச்சாங்குழல் ஆளுக்கு ஒன்று, வாளி நாலு. இதுவே என் தீர்ப்பு. மண்வாசல் என்றால் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு மக்கைச் சேருங்கள். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும், பெரிய மைதானம், ஓடி ஒளிய மரம் மட்டை எல்லாம் இருக்கிறது என்றால் அழுத்தத் துப்பாக்கிக்கு அர்த்தம் உண்டு. ஆறு வயதுக்குக் கீழே மட்டும் என்றால் பாட்டிலும் அகலமான ஒரு டப்பும் போதும். பாதி நேரம் அவர்கள் டப்புக்குள்தான் இருப்பார்கள்.

பலூனை முழுசாகக் கைவிடச் சொல்லவில்லை. அதைச் சண்டைக்கு வைக்காமல் ஆட்டத்துக்கு வையுங்கள். முப்பது பலூன் போதும். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று தூக்கிப் போட்டுப் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு பிடிக்கும் ஒரு அடி பின்னால் நகர வேண்டும். வரும் பலூனைக் கையை விறைப்பாக வைத்துப் பிடித்தால் உடையும், கையைப் பின்னுக்கு இழுத்தபடியே வாங்கினால் நிற்கும். இதைக் கண்டுபிடிக்கிற பிள்ளை ஜெயிக்கும். இரண்டு பேர் ஒரு துண்டை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, அதிலிருந்து பலூனை எகிறவிட்டு அடுத்த ஜோடியின் துண்டில் விழவைப்பது இன்னொன்று. பெரியவர்களும் வெட்கமில்லாமல் சேர்ந்துகொள்வார்கள். முடிந்ததும் கிழிசல் துண்டுகளை எண்ணிக் கொண்டுவந்து கொடுப்பவருக்குக் குச்சி ஐஸ் என்று அறிவித்தால் பத்து நிமிடத்தில் இடம் சுத்தமாகிவிடும். அடுத்தவன் கையில் இருப்பதைப் பிடுங்குவதும் நடக்கும், கண்டுகொள்ள வேண்டாம்.

தண்ணீர்ச் செலவையும் பார்த்துவிடுவோம். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிற அடுக்குமாடியில் அசோசியேஷன்காரர் முதலில் கேட்பது இதைத்தான். நூறு பலூனுக்கு ஆவது 15 லிட்டர், ஒரு வாளி. ஸ்பாஞ்சும் பீச்சாங்குழலும் வைத்து முக்கால் மணி நேரம் ஆடினால் ஐந்தாறு வாளி. ஹோஸைத் திறந்துவிட்டால் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல், இருபது நிமிடத்தில் 200 லிட்டரைத் தாண்டிவிடும். "மொத்தம் ஆறு வாளி சார், அளந்து வைச்சிருக்கோம், தீர்ந்தா ஆட்டம் முடிஞ்சுது" என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். பிள்ளைகளும் தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழிப்பார்கள், பதுங்கிப் போய் எதிரணி வாளியைத் திருடுவார்கள். ஆட்டம் இன்னும் சூடு பிடிக்கும். புல்தரையிலோ செடிப் பாத்தி ஓரமாகவோ ஆடினால் அந்த ஆறு வாளியும் செடிக்கே போகும்.

நேரம் சாயங்காலம் நாலரைக்கு மேல். மத்தியான வெயிலில் தரை காலைச் சுடும், மேல்தொட்டித் தண்ணீரும் கொதிக்கும். அதனால் வாளிகளைக் காலையிலேயே பிடித்து நிழலில் மூடி வையுங்கள். டைல்ஸ் தரையில் ஓடினால் வழுக்கும், அங்கே ஆட்டத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து எறிவதாக மாற்றிவிடுங்கள். முடிந்ததும் எல்லா வாளியையும் கவிழ்த்து வைக்க மறக்காதீர்கள். மிச்சத் தண்ணீர் ஒரு வாரம் கிடந்தால் டெங்குக் கொசு வந்துவிடும்.